மலைக்குளிரில் கீச்சிடும் பெல்ட்: இறுக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஊட்டியில் இரவு முழுக்க வெளியில் நின்ற பழைய மாருதி 800-ஐக் காலையில் ஸ்டார்ட் செய்தால், பத்து வினாடி கீச்சென்று கத்திவிட்டு அடங்கும். அதே வண்டி மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி நின்றால் சத்தமே வராது. புகார் சொன்னதும் பல பட்டறைகளில் கை தானாகச் செய்கிற வேலை ஒன்று உண்டு: பானெட்டைத் திறப்பது, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கம்பியால் நெம்புவது, பெல்டை விண்ணென்று இறுக்குவது. சத்தம் அன்றைக்கே நின்றுவிடும். சில மாதம் கழித்து ஆல்டர்னேட்டர் பேரிங் உறுமும், அல்லது என்ஜின் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் ஒழுகும். வண்டியில் மலிவான சாமான்களில் ஒன்று பெல்ட். அதை அளவுக்கு மீறி இறுக்கினால் கெடுவதெல்லாம் விலை கூடிய சாமான். அதனால் ஸ்பேனரைத் தொடும் முன், சத்தம் எந்த நேரத்தில் வருகிறது, எதைப் போட்டால் கூடுகிறது, எதற்கு அடங்குகிறது என்று பார்த்துவிட வேண்டும். பாதி நோய் அதிலேயே பிடிபடும்.

அந்த பெல்ட் எதையெல்லாம் சுற்றுகிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அம்பாசிடர், பத்மினி, மாருதி 800 மாதிரியான வண்டிகளில் என்ஜின் சுற்றும் கிராங்க் புல்லியிலிருந்து போகும் ஒரே வீ பெல்ட்தான் (வெட்டிப் பார்த்தால் V வடிவம்) வாட்டர் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றும். பழைய அம்பாசிடரில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். ஏ.சி.க்கும் ஆயில் பவர் ஸ்டியரிங்குக்கும் தனித்தனி பெல்ட் இருக்கலாம். கொஞ்சம் பிந்திய வண்டிகளில் பல வரி ஓடும் தட்டையான ரிப் பெல்ட். என்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் வேறு. அது கவருக்குள் இருக்கும், இந்த வேலையில் அதைத் தொடக் கூடாது.

வாட்டர் பம்பும் இதே பெல்டில் ஓடுகிறது என்றால், மலையில் விஷயம் சத்தத்தோடு நிற்பதில்லை. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம்தான் அந்த இடைவெளியை ஈடுகட்டுகிறது. மூடியின் ரப்பர் தளர்ந்த வண்டியில் பெல்டும் வழுக்கினால், குன்னூர் ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட நேரம் ஆகாது.

சில பழைய டீசல் வண்டிகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஆல்டர்னேட்டரின் பின்புறத்தைப் பாருங்கள். வயர் மட்டும் போனால் கவலை இல்லை. ஒரு தடித்த ரப்பர் குழாயும், என்ஜின் ஆயில் போகும் மெல்லிய குழாயும் சேர்ந்து போனால், பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்று வெற்றிடம்) தரும் பம்ப் அங்கேதான் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு. இந்த வகை வண்டி வைத்திருப்பவர்கள் பெல்ட் சத்தத்தை 'அடுத்த சர்வீஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடக் கூடாது.

கை வைப்பதற்கு முன்

சமதளத்தில் நிறுத்துங்கள். மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம்தான், அதனால் ஹேண்ட் பிரேக்கோடு நின்றுவிடாமல் சரிவுப் பக்கச் சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ முட்டுக் கொடுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கழுத்தில் சுற்றிய மஃப்ளர், தோளில் போட்ட சால்வை, தொங்கும் ஸ்வெட்டர் கை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குனியுங்கள். ஓடும் பெல்ட் ஒரு நூல் முனையைப் பிடித்தாலும் போதும். எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் என்ஜின் நின்ற பிறகும் ஃபேன் தானாகச் சுற்றலாம், ஆகவே பெல்டில் கை வைக்கும்போது சாவி பாக்கெட்டில் இருக்க வேண்டும்.

காதால் பிரிப்பது

பெல்ட் பகுதியிலிருந்து வரும் சத்தம் மூன்று ஜாதி. நீளமாக இழுத்துக் கத்தும் கீச்சு வந்தால் பெல்ட் புல்லியில் வழுக்குகிறது. குருவி கத்துவது போல விட்டு விட்டு, என்ஜின் சுற்றுக்கு ஏற்ப வேகம் கூடிக் குறையும் 'கிச் கிச்' என்றால் பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ரிப் பெல்டில் இது அதிகம். கரகரவென்ற உறுமலோ 'ஊய்' என்ற ஊளையோ வந்தால் பேரிங். இந்த மூன்றில் இறுக்கிச் சரிசெய்யக் கூடியது முதலாவது மட்டும்தான், அதுவும் எப்போதும் அல்ல.

காலை ஸ்டார்ட்டில் மட்டும் வந்து அடங்கும் கீச்சுக்கு மலையில் இரண்டு காரணம் கைகோத்து வரும். ஒன்று பனி. இரவு மிஸ்ட்டில் பெல்டும் புல்லியும் ஈரமாகிவிடும், நாலு சுற்று ஓடியதும் காய்ந்துவிடும். மார்கழி, தை மாத உறைபனிக் காலத்தில் ரப்பரும் விறைத்துக் கிடக்கும். இரண்டாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: பேட்டரி. குளிரில் பேட்டரியின் பலம் குறைகிறது, கெட்டியான ஆயிலைக் கிளப்ப செல்ஃப் கூடுதல் கரண்டை இழுக்கிறது. என்ஜின் பிடித்தவுடன் அந்தக் கடனை அடைக்க ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும், அதைச் சுற்றுவது பெல்டுக்கு அப்போதுதான் மிகக் கடினம். மல்டிமீட்டர் இருந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் நல்ல பேட்டரி. 12.2-க்கு அருகில் என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. வாரம் ஒரு நாள் மட்டும் எஸ்டேட்டிலிருந்து கடைக்கு வந்து போகும் வண்டிகளில் இது சகஜம். அப்படிப்பட்ட வண்டியில் பெல்டைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு ராத்திரி சார்ஜர் போட்டுப் பார்த்தால் மறுநாள் சத்தம் பாதியாகும்.

பத்து, பதினைந்து வினாடியில் அடங்கி, பகலில் திரும்பவே வராத கீச்சுக்கு அவசரப்பட வேண்டியதில்லை. ஒரு நிமிடம் தாண்டியும் கத்தினால், அல்லது சூடான என்ஜினிலும் வந்தால், தொடர்ந்து படியுங்கள்.

என்ஜின் சூடானதும் ஐட்லிங்கில் விட்டு ஒவ்வொரு பாரமாக ஏற்றுங்கள். ஹெட்லைட் ஹைபீம், வைப்பர், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஒன்றாகப் போட்டதும் கீச்சு வந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட். மிஸ்ட்டில் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு மெதுவாகக் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது மட்டும் கத்துவதாகச் சொல்வார்களே, அது இதுதான்: சுற்று குறைவு, பாரம் அதிகம். ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தால் கத்துவது பவர் ஸ்டியரிங் பெல்ட். ஏ.சி. சுவிட்சைப் போட்டதும் கத்தினால் அந்த பெல்ட். மலையில் மாதக்கணக்கில் ஏ.சி. போடாதவர்கள் கோவைக்கு இறங்கியதும் போடுவார்கள், சத்தம் அங்கே ஆரம்பிக்கும். போடாத காலத்திலும் கம்ப்ரசர் புல்லியும் அதன் பேரிங்கும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன என்பதை மறந்துவிட வேண்டாம். கிளட்சை மிதித்தால் சத்தம் மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் அது பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங்கோ கியர்பாக்ஸ் பேரிங்கோ. இந்தப் பக்கமே தேட வேண்டாம்.

பேரிங் உறுமலைக் கேட்க நல்ல இடம் பட்டறையை விட மலை இறக்கம். இரண்டாம் கியரில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது என்ஜினின் இரைச்சல் குறைவு, சுற்றோ நிமிடத்துக்கு 3000-ஐத் தொடும். ஆல்டர்னேட்டரின் புல்லி சிறியது, அதனால் அது ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில், 6000 சுற்று ஓடிக்கொண்டிருக்கும். பாறைச் சுவர் பக்கத்து ஜன்னலை இறக்கிவிட்டால் சத்தம் மோதித் திரும்பிக் காதுக்கே வரும்.

தண்ணீர் தெளித்துப் பார்ப்பது

ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் ஊசியால் துளை போட்டுக்கொள்ளுங்கள். என்ஜின் ஐட்லிங்கில் கத்திக்கொண்டிருக்கும்போது, தள்ளி நின்று, பெல்டின் உள்பக்கத்தில் சில துளி படும்படி பீச்சுங்கள். ஆல்டர்னேட்டர் மேல் பீச்ச வேண்டாம். தண்ணீர் பட்டதும் கீச்சு இன்னும் கூடினால் வழுக்கல். பெல்ட் தளர்வு, தேய்வு, எண்ணெய்ப் பிசுக்கு இவற்றில் ஒன்று. 'கிச் கிச்' சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் புல்லி கோணல். தண்ணீர் பட்டாலும் காய்ந்தாலும் மாறாமல் உறுமிக்கொண்டே இருந்தால் பேரிங்.

இந்தச் சோதனையை மழைக்காலக் காலையில் செய்தால் ஏமாந்துபோவீர்கள். ஏற்கெனவே நனைந்த பெல்டில் தண்ணீர் விட்டு என்ன தெரியப் போகிறது? பத்து கிலோமீட்டர் ஓட்டி, என்ஜின் ரூம் நன்றாகக் காய்ந்த பிறகு செய்யுங்கள்.

கண்ணால் பார்ப்பது

என்ஜினை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். வீ பெல்ட் புல்லியின் அடியில் உட்காரக் கூடாது. இரண்டு பக்கச் சரிவிலும் கவ்வித்தான் இழுக்க வேண்டும். பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி போல மினுங்கினால் பெல்ட் தேய்ந்து அடியில் தட்டுகிறது, அல்லது அகலம் குறைந்த பெல்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள். எவ்வளவு இறுக்கினாலும் இந்த பெல்ட் வழுக்கத்தான் செய்யும். நல்ல பெல்டின் முதுகு புல்லி விளிம்புக்குச் சமமாகவோ ஓரிரு மில்லிமீட்டர் மேலேயோ நிற்கும்.

பெல்டைக் கொஞ்சம் முறுக்கிப் பக்கச் சுவரை விரலால் தடவுங்கள். மங்கலான கறுப்பாக, லேசான சொரசொரப்போடு இருந்தால் சரி. வழவழவென்று பளபளத்தால் ரப்பர் வெந்துவிட்டது, இனி பிடிக்காது. பழைய நியோபிரீன் பெல்டுகள் கெடும்போது குறுக்கே விரிசல் விடும், பார்த்தாலே தெரியும். இப்போது விற்கும் ரிப் பெல்டுகள் பெரும்பாலும் இபிடிஎம் ரப்பர். இவை விரிசல் விடாமலே தேயும். வரிகளின் பள்ளம் கூர்மை போய் வட்டமாகிவிடும், புதிய பெல்டைப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் புரியும். 'விரிசல் இல்லையே' என்று நம்பி ஓட்டுவது இங்கே தவறிப்போகும்.

விரலில் எண்ணெய் ஒட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று பிடித்த பிறகே புது பெல்ட் போடுங்கள். மேலே வால்வ் கவர் கேஸ்கெட், கீழே கிராங்க் முன் ஆயில் சீல், டீசல் வண்டியில் அந்த வேக்குவம் பம்பின் சீல். வெள்ளையாகவோ பச்சையாகவோ உலர்ந்த கறை வாட்டர் பம்ப் அடியில் இருந்தால், பம்பின் சின்னத் துளை வழியாகக் கூலன்ட் கசிகிறது. பம்பை மாற்றியே ஆக வேண்டும்.

அதிகம் ஓடாத மலை வண்டிகளில் புல்லியின் பள்ளத்திலேயே துரு பிடித்திருக்கும். அது உப்புத்தாள் போல பெல்டைத் தின்னும், பானெட்டின் அடியில் கறுப்புத் தூள் படிந்திருக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். எஸ்டேட் சாலையின் செம்மண் சேறு, யூகலிப்டஸ் இலைச் சருகு, கதகதப்புக்காக என்ஜினில் கூடு கட்டிய எலி இழுத்து வந்த பஞ்சு, எல்லாம் புல்லிப் பள்ளத்தில் சிக்கியிருக்கலாம். ரிப் பெல்டில் ஒரு சின்னக் கல் மாட்டினாலே குருவிச் சத்தம் கேட்கும்.

பெல்டைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது

சந்தேகம் தீராவிட்டால், என்ஜின் ஆறிய நிலையில் பெல்டைக் கழற்றிவிட்டு 20, 30 வினாடி மட்டும் ஓட விடுங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் போய்விட்டால் பெல்டிலோ அது சுற்றும் பாகத்திலோ கோளாறு. சத்தம் அப்படியே இருந்தால் தேட வேண்டியது டைமிங் கவருக்குள்ளோ கியர்பாக்ஸ் பக்கமோ.

அணைத்த பிறகு ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றுங்கள். ஆல்டர்னேட்டர் சத்தமின்றி, பிரஷ் லேசாக உரசும் உணர்வோடு சுற்ற வேண்டும். மணல் அரைபடுவது போலக் கரகரத்தாலோ, புல்லியை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருந்தாலோ பேரிங் முடிந்தது. பம்ப் புல்லியையும் அப்படியே அசைத்துப் பாருங்கள், துளி ஆட்டமும் கூடாது. பெல்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழி காட்டும் ஐட்லர் சக்கரம் சுண்டிவிட்டதும் சைக்கிள் சக்கரம் போல வெகுநேரம் சுழன்றால் நல்லது என்று நினைக்காதீர்கள். உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஆல்டர்னேட்டரில் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு பேரிங். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். நம்பர் பேரிங்கிலேயே அடித்திருக்கும். 6202, 6203 போன்ற நம்பர்களில் கடைசி இரண்டு இலக்கம் உள்துளையைச் சொல்லும், 02 என்றால் 15 மில்லிமீட்டர், 03 என்றால் 17. வெறும் நம்பரைச் சொல்லாமல் பழையதையே கையில் கொண்டுபோங்கள். இரும்புத் தகடு மூடியதை விட இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதை வாங்குவது மலை ஈரத்துக்கு நல்லது.

ஒரு கெட்ட பழக்கம் இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, ஓடும் என்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. டைனமோ காலத்தில் செய்தது. ஆல்டர்னேட்டரில் செய்தால் வோல்டேஜ் எகிறி டயோடு போகும். மீட்டர் வைத்து, என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பார்த்தாலே போதும். ஹெட்லைட் போட்டு 2000 சுற்றில் 13-க்குக் கீழே போனால் வழுக்கலோ ஆல்டர்னேட்டர் கோளாறோ இருக்கிறது.

கோணல்

நேரான இரும்பு ஸ்கேலைக் கிராங்க் புல்லியின் முகத்தில் வைத்து ஆல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டுங்கள். புல்லி முகங்களின் கனம் வேறுபட்டால் பள்ளத்தின் நடுவைக் கணக்கில் எடுங்கள். 30 சென்டிமீட்டர் தூரத்துக்கு 1.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் சத்தம் வரும். ஆல்டர்னேட்டரை ஒருமுறை கழற்றி மாட்டிய வண்டியில்தான் இது அதிகம்: வாஷரை மாற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது கீழ் போல்டின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்து ஆல்டர்னேட்டர் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வை இறுக்கிச் சரிசெய்ய நினைத்தால் சாய்வு இன்னும் கூடும்.

இறுக்கும் அளவு

மிக நீளமான இடைவெளியின் நடுவில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுங்கள். பெரும்பாலான வீ பெல்டுகள் 6 முதல் 12 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். வண்டியின் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. 10 கிலோ எவ்வளவு என்று கைக்குத் தெரியாவிட்டால் வீட்டு எடைமிஷின் மேல் கட்டைவிரலை அழுத்திப் பழகிக்கொள்ளலாம்.

சாதாரணமாக 12 நம்பர், 14 நம்பர் ஸ்பேனர் போதும். கீழே உள்ள நீள போல்டை அரைச் சுற்று, மேலே வளைந்த பட்டையில் இருக்கும் போல்டை ஒரு சுற்று தளர்த்துங்கள். சுத்தியலின் மரக் கைப்பிடியை ஆல்டர்னேட்டரின் முன் மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் கொடுத்து நெம்புங்கள். பின் மூடியில் நெம்பினால் அலுமினியம் விரிசல் விடும். அளவு வந்ததும் மேல் போல்டை முதலில் பிடித்துவிட்டு, பிறகு கீழே முறுக்குங்கள். மேலே உள்ள 8 மில்லிமீட்டர் போல்டுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், அதாவது சின்ன ஸ்பேனரில் ஒரு கை பலம்.

புது பெல்ட் வாங்கும்போது பழையதன் முதுகில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 'ஏவி 10' என்றால் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர், பின்னால் வரும் எண் நீளம். '4 பிகே 850' என்றால் நான்கு வரி, 850 மில்லிமீட்டர் நீளம். 'கொஞ்சம் நீளம், இறுக்கினால் சரியாகிவிடும்' என்று கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள். புல்லி விளிம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிடும், ஆல்டர்னேட்டரை முழுக்கத் தளர்த்திக் கையாலேயே ஏற்றுங்கள். மாட்டியதும் 10, 15 நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள். புது பெல்ட் கட்டாயம் தளரும். 300 கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொரு முறை. மலையில் மாட்டிய பலர் இந்த இரண்டாவது பார்வையை விட்டுவிடுகிறார்கள், புது பெல்ட் கத்துகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

சோப்பு, மெழுகுவத்தி, தேங்காய் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே என்று பெல்டுக்குத் தடவாத பொருள் இல்லை. எல்லாமே ஒரு நாள் சத்தத்தை மூடிவிட்டு மறுநாள் வழுக்கலைக் கூட்டும். நீலகிரித் தைலமும் அப்படித்தான். தலைவலிக்குத் தேயுங்கள், ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். ஏற்கெனவே எண்ணெய் குடித்த பெல்டைக் கழுவிப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். புல்லியை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொள்ளலாம்.

நடுவழியில் அறுந்தால்

பேட்டரி சிவப்பு விளக்கு திடீரென்று எரிந்தால் முதலில் பெல்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேட்டுப்பாளையம்-குன்னூர் சாலையில் பர்லியாருக்கு மேலே ஏற்றத்தில் வரும்போது எரிந்தால் 'குன்னூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டாதீர்கள். அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். இறக்கத்தில் வந்தால் என்ஜினை அணைக்காமல், நியூட்ரலுக்குப் போகாமல், கீழ் கியரிலேயே வந்து நில்லுங்கள். வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரில் உள்ள டீசல் வண்டியில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடாமல் ஒரே மிதியில் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள், ஒவ்வொரு முறை விடும்போதும் மிச்சமிருக்கும் வேக்குவம் குறையும். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்குத் திறக்க வேண்டாம்.

வீ பெல்ட் வண்டியில் ஸ்பேர் பெல்டும் இரண்டு ஸ்பேனரும் டார்ச்சும் இருந்தால் சாலையோரத்திலேயே கால் மணி நேர வேலை. ஸ்பேர் பெல்டை மடித்துக் கயிறு கட்டி ஸ்டெப்னிக்கு அடியில் திணித்து வைத்தால் மடிப்பில் விரிசல் விடும். வட்டமாக, ஒரு பிளாஸ்டிக் பைக்குள், டிக்கியின் ஓரத்தில் படுக்க வையுங்கள். அறுந்த பெல்டின் துண்டு டைமிங் கவருக்குள் நுழைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே புதியதை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.